காயலில் இறங்கிய குதிரைகளும் கோவையில் பிறந்த கார்களும்

1

காயல்பட்டினத்துக் கடற்கரையில் மாலையில் நிற்பவருக்கு இன்று தென்படுவது மன்னார் வளைகுடாவின் அமைதியான நீரும், கரையேறிக் கிடக்கும் வள்ளங்களும், மணலில் குடும்பத்தோடு அமர்ந்திருக்கும் மனிதர்களும்தான். இக்கரையோரம் ஒருகாலத்தில் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கின என்பதை நம்புவது கடினம். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிவைத்த 'காயல்' இவ்வூரா, அல்லது தாமிரபரணியின் கழிமுகத்தில் மண்மேடிட்டுப் போன பழையகாயலா என்ற விவாதம் நெடுநாளாக இருந்துவருகிறது. கால்டுவெல் பழையகாயலையே சுட்டினார். ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்கியது, துறைமுகமும் இடம்பெயர்ந்தது. கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம் என்ற மூன்று பெயர்களையும் ஒரே ஆற்றின் கதையில் வரும் வெவ்வேறு அத்தியாயங்களாகக் கொள்வதில் தவறில்லை.

அக்காலத்துப் பாண்டிய நாட்டில் குதிரைகள் பிறந்து வளரவில்லை. ஹோர்முஸ், கீஷ், ஏடன் போன்ற துறைகளிலிருந்து அவை கடல்வழி வந்தன. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம் அது. அரசனும் அவனுடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு இன்னும் விரிவானது. கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதாக ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் கடலில் இறந்துபோனவற்றுக்கும் பாண்டிய அரசே விலை கொடுக்கவேண்டும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசின் அமைச்சர் என்பதையும் வஸ்ஸாஃபே சொல்கிறார். விற்பவரும் வாங்குபவரின் அமைச்சரும் ஒரே குடும்பத்தவர்!

ஆனால் என்னைப் பல ஆண்டுகளாகத் தொந்தரவு செய்துவருவது விலைப் பட்டியல் அன்று, மார்க்கோ போலோவின் வேறொரு குறிப்பு. இந்நாட்டில் குதிரைக்கு லாடம் அடிக்கத் தெரிந்தவர் இல்லை என்கிறார் அவர். குதிரைக்கு அரிசிச் சோறும் வேகவைத்த இறைச்சியும் தருகிறார்களாம். உயர்ந்த சாதிப் பெட்டைக் குதிரைக்கும் இங்கே கோணல் காலோடுதான் குட்டி பிறக்கிறதாம். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் எவரையும் வணிகர்கள் வேண்டுமென்றே இங்கு வரவிடுவதில்லை; குதிரைகள் சாகச் சாகத்தானே அடுத்த கப்பலுக்கு வேலை?

இதில் பயணியின் மிகை இருக்கலாம். ஆயினும் பாண்டியனின் கருவூலம் வாங்கியது குதிரைகளை மட்டுமே, குதிரையைப் பற்றிய அறிவை அன்று என்ற உண்மை இதனுள் இருக்கிறது. தமிழ் மரபுக்கும் இந்த ஐயம் இருந்திருக்கவேண்டும். பட்டினப்பாலை காலத்திலேயே குதிரை நீர்வழி வந்த பண்டம். பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் போன வாதவூரரின் கதையில், ஊருக்குள் கம்பீரமாக வந்த பரிகள் இரவோடு இரவாக நரிகளாகி ஊளையிடுகின்றன. பக்திக் கதையாகவே அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வாங்கிய வேகம் நம்முடையதாவதில்லை என்ற எச்சரிக்கையாகவும் அதைக் கேட்கலாம்.

20-ஆம் நூற்றாண்டில் வேகம் குதிரையை விட்டு இயந்திரத்துக்கு மாறியது. அப்போதும் தமிழ்நாட்டின் முன் அதே கேள்வி வந்து நின்றது: வாங்குவதா, செய்வதா? அக்கேள்விக்குப் பட்டறைகளில் விடை தேடிய சிலரைப் பற்றியே இக்கட்டுரை.

2

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. போர் முடிந்து விமானங்கள் போனபின், 1950-களில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பினர் அதைப் பந்தயக் களமாக்கினர். ஆண்டுதோறும் நடந்த சோழவரம் பந்தயம் சென்னைவாசிகளுக்கு ஒரு திருவிழாவானது. இலங்கையிலிருந்தும் பந்தயக்காரர்கள் வந்தனர். அங்கே நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934 முதலே நடந்துவந்தது. ஒருவர் பின் ஒருவராகத் தனித்து ஓட்டி, கடிகாரத்தோடு மட்டும் மோதும் பந்தயம் அது. இந்தத் 'தனித்தோட்டம்' பின்னால் நம் கதையில் மறுபடி வரும்.

சோழவரத்தில் ஓடிய வண்டிகள் எவை? விடுதலைக்குப் பிந்திய இந்தியாவில் கார் வாங்க விரும்பியவருக்கு மூன்றே வாசல்கள் திறந்திருந்தன. கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். இறக்குமதி என்பது ஏறக்குறைய மூடிய கதவு. கதவிடுக்கில் நுழைய முடிந்தவர்கள் சமஸ்தானாதிபதிகளும் பெருந்தொழிலதிபர்களும் மட்டுமே. 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றைச் சோழவரத்தில் ஓட்டினார். காயலில் இறங்கிய அரபுக் குதிரையைப் பார்க்கக் கூடிய கூட்டத்தைப் போலவே அதைப் பார்க்கவும் கூட்டம் கூடியது.

மற்றவர்கள் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு வேலை செய்தனர். ஃபியட்டின் 1,089 சி.சி. எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினர், காற்று நுழையும் வழிகளை அரத்தால் தீட்டினர், கார்ப்பரேட்டரை மாற்றினர். பின்னிருக்கை, மெத்தை, கதவின் உள்தகடு எல்லாவற்றையும் கழற்றி எறிந்தனர். எஞ்சினுக்கு ஐந்து குதிரைச் சக்தி கூட்டுவது பெரும்பாடு. வண்டியிலிருந்து ஐம்பது கிலோவைக் கழிக்க ஒரு ஸ்பானரே போதும். வறுமை கற்றுத்தந்த இந்தக் கழித்தல் கணக்குதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அரிச்சுவடி.

காரையே அடியிலிருந்து செய்தவர்களும் இருந்தார்கள். கோவையின் ஜி.டி.நாயுடு 1952-ல் இரண்டு பேர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் என்றார். அரசு உரிமம் தரவில்லை, தயாரிப்பு நின்றது. திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுக் கலன்களைச் செய்து பேருந்துகளை ஓட்டியது. இவையெல்லாம் தட்டுப்பாடு பெற்ற பிள்ளைகள். ஒன்று வளர்ந்தது, ஒன்று உரிமத்தின் வாசலில் இறந்தது.

3

தட்டுப்பாட்டிலிருந்து வண்டி செய்தது நாம் மட்டும் அன்று. போருக்குப் பிந்திய இங்கிலாந்திலும் இதே கதைதான். ஆனால் முடிவு வேறு. அந்த வேறுபாட்டை அறிய அங்கே சற்று எட்டிப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

1922-ல் வெளிவந்த ஆஸ்டின் செவன் என்ற சிறிய கார் அங்கே குப்பைக் கிடங்கு விலைக்குக் கிடைத்தது. கோலின் சாப்மன் என்ற பொறியியல் மாணவர் அப்படியொரு பழைய ஆஸ்டினைப் பிரித்துச் சேறும் மேடுமான தடங்களில் ஓடும் பந்தயங்களுக்காகத் தன் முதல் காரை 1948-ல் கட்டினார். லோட்டஸ் நிறுவனத்தின் தொடக்கம் அது. 1957-ல் அவர் வெளியிட்ட லோட்டஸ் செவன், எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகம், அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் சிறிய எஞ்சின், இரண்டு இருக்கை, அவ்வளவே. கதவு கிடையாது. எடை 500 கிலோவுக்கும் குறைவு.

அதை முழுமையான காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிபாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரியில்லை. ஆனால் பூட்டும் முறையை விளக்கும் ஏடு எதையும் உடன் தரக்கூடாது என்பது விதி. எனவே வண்டியைக் கழற்றுவது எப்படி என்ற ஏட்டைத் தந்தார்கள். வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படித்துக்கொண்டு போகவேண்டும். ஒரு வரிவிதியின் ஓட்டை, ஒரு தலைமுறையை மெக்கானிக்குகளாக்கிவிட்டது. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை மறைந்தது. அதே ஆண்டு லோட்டஸ் அவ்வண்டியின் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனத்துக்கு விற்றது.

வண்டி மட்டும் சாகவில்லை. அதன் வடிவத்தைப் பின்பற்றிய நகல்கள் உலகெங்கும் தோன்றின. 1996-ல் ரான் சாம்பியன் என்ற ஆங்கிலேய ஆசிரியர், 250 பவுனில் சொந்தமாக விளையாட்டுக் கார் கட்டுவது பற்றி ஒரு நூல் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை உரித்தெடுத்த பாகங்களும், சதுர எஃகுக் குழாயும், ஒரு பற்றவைப்புக் கருவியும் போதும் என்றது அந்நூல்.

இதில் நாம் நினைத்து வருந்தத்தக்க ஒரு செய்தி உண்டு. தனிச் சட்டகத்தின்மேல் உடல் பொருத்தப்பட்ட டிரையம்ப் ஹெரால்டு, இங்கிலாந்தில் இவ்வாறு கார் கட்டுவோர்க்கு விருப்பமான மூலவண்டிகளில் ஒன்று. உடலைத் தூக்கிவிட்டால் சட்டகம் தானே ஓடும்; மேலே வேண்டிய வடிவத்தை வைத்துக்கொள்ளலாம். நம் வண்டலூரில் செய்யப்பட்டதும் அதே ஹெரால்டுதான். ஒரே பொருள் இரண்டு நாடுகளில் இருந்தது. ஒரு நாட்டில் அது கனவுக்கு அடித்தளமாயிற்று, மறு நாட்டில் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. பொருளும் கைத்திறனும் இங்கும் இருந்தன. தானே கட்டுவதைக் குற்றமாகக் கருதாத ஒரு சூழல்தான் இல்லை.

இந்தியாவில் இதற்கு நெருங்கி வந்த சில முயற்சிகளும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் பெங்களூரில் சிபானி நிறுவனத்தார் செய்த டால்பின், இங்கிலாந்தின் ரிலையண்ட் கிட்டன் காரின் இந்திய வடிவம். கண்ணாடியிழை உடல், 848 சி.சி. எஞ்சின். சந்தையில் தோற்ற அந்த வண்டியைப் பந்தயக்காரர்கள் விரும்பினர். காரணம் அதன் எடையின்மையே. 2000-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்துச் சிங்காரா நிறுவனம், காண்டெசாவில் இருந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை வைத்து லோட்டஸ் செவனை நினைவூட்டும் திறந்த கார் ஒன்றை விற்றது. மிகச் சிலரே வாங்கினர்.

4

ஆனால் இந்தக் கழித்தல் கணக்கைத் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே பாடமாக்கியவர் எஸ்.கரிவர்தன். கோவை லட்சுமி மில் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர். சோழவரத்தில் கார் ஓட்டியவர். பணமுள்ள வீட்டுப் பிள்ளை என்பதை மறைக்கவேண்டியதில்லை. அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் கார் ஒன்றைத் தருவித்து ஓட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவருடைய பெருமை அதற்கு நேரெதிரான ஒன்றைச் செய்ததில் இருக்கிறது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எடை ஏறத்தாழ 650 கிலோ; 796 சி.சி., மூன்று சிலிண்டர்; சக்தி நாற்பது குதிரைக்கும் குறைவு. ஐந்து பேர் கொண்ட குடும்பம் கோயிலுக்குப் போய்வருவதற்கான வண்டி. கரிவர்தன் அதன் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் எடுத்தார். குழாய்களைப் பற்றவைத்து ஒருவர் மட்டும் அமரும் சட்டகம் செய்தார். சக்கரங்கள் உடலுக்கு வெளியே நிற்க, எஞ்சின் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் போயிற்று. 1980-களின் பிற்பகுதியில் பிறந்த இந்த 'ஃபார்முலா மாருதி'க்கு இந்தியப் பந்தய வரலாற்றில் தனியிடம் உண்டு. நரியைப் பரியாக்கும் வித்தையை இறைவனிடம் விட்டுவிடாமல் கோவைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை, வகுத்தல் கணக்குதான். 37 குதிரைச் சக்தி கொண்ட எஞ்சின், ஓட்டுநரோடு சேர்த்து 720 கிலோவை இழுத்தால் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 51 குதிரை கிடைக்கும். அதே எஞ்சின் ஓட்டுநரோடு 470 கிலோ உள்ள ஒரு சட்டகத்தை இழுப்பதாக வைத்துக்கொண்டால் 79 குதிரை. எஞ்சினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் பாதிக்குமேல் ஆதாயம். தடையிடும்போதும் இலேசான வண்டியே குறைந்த தூரத்தில் அடங்கும் என்று பொதுவாக நினைக்கிறோம்; அது முழு உண்மை அன்று. எடை கூடினால் டயரின் பிடிப்பும் கூடத்தான் செய்யும். ஆனால் அதே விகிதத்தில் கூடாது என்பதே சூட்சுமம். கனத்த வண்டி வளைவில் ஒவ்வொரு முறையும் சிறிது கடன்பட்டே திரும்புகிறது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி என்பதுதான் கரிவர்தனின் இரண்டாவது முடிவு. வண்டி ஒன்றானால் வெற்றி ஓட்டுபவரின் கையில். தந்தையின் செல்வத்தைவிட மகனின் திறமை முன்னால் வரக்கூடிய ஒரு களத்தை அது திறந்தது. உதிரிபாகம் மாருதிக் கடையில் கிடைக்கும். பழுதானால் ஊர் மெக்கானிக் பார்ப்பார். மார்க்கோ போலோ கண்ட காயலில் லாடம் அடிக்க ஆளில்லை. கோவையில் தெருவுக்குத் தெரு ஆள் இருந்தார்கள். அந்நகரின் பஞ்சாலைகளும், பம்பு செட்டு வார்ப்படச் சாலைகளும், லேத்துப் பட்டறைகளும் அரை நூற்றாண்டாக வளர்த்துவைத்திருந்த கைகள் அவை. கரிவர்தன் தனி மேதை என்று சொல்வது எளிது. அந்தக் கைகள் இல்லாத ஊரில் அவர் பிறந்திருந்தால் அவரும் ஒரு இறக்குமதியாளராகவே நின்றிருப்பார்.

சோழவரத்தின் இடத்தை 1990-ல் இருங்காட்டுக்கோட்டையின் 3.717 கி.மீ. நிரந்தரத் தடம் பிடித்துக்கொண்டது. அங்கே ஃபார்முலா மாருதியில் முதல் பந்தயத்தை ஓட்டியவர்களில் ஒருவர் நாராயண் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஆஸ்திரேலியாவில் களமிறங்கிய நாராயண், ஃபார்முலா ஒன்னின் முதல் இந்தியரானார். 2010-ல் இரண்டாமவராக வந்த சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவரே. குடும்பக் காரின் மூன்று சிலிண்டர் எஞ்சின் இருவரை உலகின் உச்சித் தடம்வரை கொண்டுவிட்டது.

கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995-ல் வானூர்தி விபத்தொன்றில் இறந்தார். வயது 41. கோவை செட்டிபாளையத்தில் 2000-களின் தொடக்கத்தில் அமைந்த 2.1 கி.மீ. பந்தயத் தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயரிட்டனர். கோவையின் எல்ஜிபி நிறுவனத்தார் அவருடைய வழியிலேயே சென்று, மாருதி ஸ்விஃப்டின் 1,300 சி.சி. எஞ்சினை வைத்து ஃபார்முலா எல்ஜிபி கார்களை உருவாக்கினர்.

5

கரிவர்தனின் பெயர் தாங்கிய அந்தத் தடத்தில்தான் நம் கதையின் அடுத்த அத்தியாயம் நடந்துவந்திருக்கிறது. அதில் ஓட்டுபவர்கள் மில் முதலாளிகளின் பிள்ளைகள் அல்லர். பொறியியல் கல்லூரி மாணவர்கள்.

1981-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு போட்டி தொடங்கிற்று. ஒருவர் அமரும் சிறிய பந்தயக் காரை மாணவர்களே வரைந்து, கட்டி, ஓட்டவேண்டும். அதன் கிளைகள் உலகெங்கும் பரவி, இந்தியாவில் 2011-ல் சூப்ரா என்ற பெயரிலும், பின்னர் கோவைத் தடத்தில் ஃபார்முலா பாரத் என்ற பெயரிலும் வேர்விட்டன. 710 சி.சி.க்கு மிகாத எஞ்சின். பெட்ரோலில் ஓடினால் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகவே நுழையவேண்டும். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே உள்ள துளை அது. சக்தியைக் கூட்டும் வழியை விதியே அடைத்துவிட்டது. மிஞ்சும் வழி ஒன்றுதான்: எடையைக் குறை. இவ்வண்டிகள் பெரும்பாலும் 200 முதல் 300 கிலோவுக்குள் அடங்குகின்றன.

போட்டியின் ஒரு பகுதிக்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். இங்கிலாந்தில் புல்வெளிகளிலும், அமெரிக்காவில் காலியான வாகன நிறுத்துமிடங்களிலும், நம் ஊர்களில் செம்மண் மைதானங்களிலும் நடக்கும் எளிய பந்தயம் அது. தடம் என்பது கூம்புகளை அடுக்கி உருவாக்கிய ஒரு கோலம். ஒருவர் ஓடி முடித்தபின் மற்றவர். எதிரி கடிகாரம் மட்டுமே. மகாகஸ்தோட்டை மலையேற்றத்தின் தம்பி என்று இதைச் சொல்லலாம். மாணவர் போட்டியின் விதிப்படி நேர்பாதை எதுவும் 80 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. நெளிந்து செல்லும் இடத்தில் கூம்புக்கும் கூம்புக்கும் இடையே 7.5 முதல் 12 மீட்டர். ஒரு கூம்பைச் சாய்த்தால் 2 வினாடி தண்டம். இவ்வளவு குறுகிய நேர்பாதையில் நூறு குதிரைச் சக்தி இருந்தும் பயன் இராது; அது விழித்தெழுவதற்குள் வளைவு வந்துவிடும். இங்கே வெல்வது இலேசான உடலும், சொன்ன பேச்சைக் கேட்கும் முன்சக்கரமும்தான்.

லோட்டஸ் செவனின் நகல்களை வெளிநாட்டவர் ஆட்டோகிராஸில் இறக்குவது இதே காரணத்தால்தான். பத்து மடங்கு விலையுள்ள கார்களை, வீட்டுக் கொட்டகையில் பற்றவைத்த வண்டி கூம்புகளுக்கிடையே பின்தள்ளிவிடுகிறது. பணத்துக்கு முழு வெற்றி கிடைக்காத அரிதான மோட்டார் விளையாட்டு இது.

மாணவர் போட்டியில் இன்னொரு பகுதியும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. நடுவர்கள் வண்டியைச் சுற்றி வந்து கேள்வி கேட்பார்கள். இந்தக் குழாய் ஏன் இத்தனை தடிப்பு? இந்த இணைப்பு ஏன் இந்தக் கோணத்தில்? 'வாங்கினோம், பொருத்தினோம்' என்பது விடையாகாது. எந்தக் கல்லூரி அணியும் முதல் ஆண்டில் எடைமிகுந்த வண்டியைத்தான் கட்டும். அச்சம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இரும்பை வைக்கும். அறிவு கூடக் கூட இரும்பு குறையும். அந்த வகையில் ஒரு வண்டியின் எடை, அதைக் கட்டியவர்கள் எவ்வளவு அறியாதிருந்தார்கள் என்பதன் அளவும் ஆகும்.

6

இது மகிழ்ச்சியான முடிவுபோலத் தோன்றலாம். ஆனால் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

முதலாவது சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாக உறுதிசெய்தது. சாலையில் பிறர் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அதன் நியாயத்தை மறுக்க முடியாது. பற்றவைப்புச் சரியில்லாத சட்டகம் வளைவில் முறிந்தால் சாவது ஓட்டுபவன் மட்டும் அல்லன். ஆனால் இங்கிலாந்து தனியொருவர் கட்டிய ஒற்றை வண்டியை அரசின் பரிசோதகர் சோதித்து, தேறினால் பதிவுசெய்துகொள்ளும் ஒரு முறையை வைத்திருக்கிறது. அங்கே கேள்வி 'வண்டி பாதுகாப்பானதா' என்பது. இங்கே கேள்வி 'இதைச் செய்தது எந்த நிறுவனம்' என்பது. ஜி.டி.நாயுடு 1952-ல் நின்ற வாசலிலேயே, தன் கையால் கார் கட்டும் இளைஞன் இன்றும் நிற்கிறான். அவன் வண்டி பந்தயத் தடத்தின் வேலிக்குள் மட்டும் உயிரோடு இருக்கலாம். வேலிக்கு வெளியே லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும்.

இரண்டாவது, குதிரைகள் மறுபடி கப்பலில் வருகின்றன. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, சுமார் 3.5 கி.மீ. சாலையில், இரவு வெளிச்சத்தில் கார்ப் பந்தயம் நடந்தது. ஓடியவற்றில் ஒருவகை இத்தாலியின் உல்ஃப் நிறுவனத்தார் செய்தவை. மற்றது பிரான்சின் மிகேல் நிறுவனத்தின் ஃபார்முலா 4 கார்கள். பாதுகாப்பிலும் வேகத்திலும் அவை நம் பட்டறை வண்டிகளைவிட மேலானவை என்பதில் ஐயமில்லை. உலகத் தரம் வேண்டுமானால் உலகத்திடமிருந்து வாங்கத்தான் வேண்டும் என்பாரும் உளர். வாங்குவதில் பிழையில்லை. கரிவர்தனும் ஜப்பானிய சுசுகியின் எஞ்சினைத்தானே எடுத்துக்கொண்டார்! மாருதியே ஒரு வகையில் வந்திறங்கிய குதிரைதான். வாங்கியதைப் பிரித்துப் பார்க்க நமக்கு உரிமையும் துணிவும் உண்டா என்பதே கேள்வி.

பாண்டியனின் குதிரைகளைக் கொன்றது கடலோ வெயிலோ மட்டும் அன்று. அவற்றைப் பேணும் அறிவு கப்பலோடு திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஆண்டு அடுத்த கப்பல் வரும் என்ற நம்பிக்கையில், எவரும் அந்த அறிவைக் கரையிறக்கக் கேட்கவில்லை. ஆறு துறைமுகத்தை மூடியபோது கப்பல்களும் நின்றன. நம்மிடம் எஞ்சியது ஒரு புராணக் கதையும், அயலான் எழுதிய சில பக்கங்களும்.

கோவைத் தடத்தில் கூம்புகளுக்கிடையே நெளிந்து ஓடும் ஒரு சிறிய வண்டியைப் பார்க்கும்போது இதெல்லாம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. ஓடி முடித்து வந்ததும் நான்கு மாணவர்கள் அதன்மேல் கவிழ்ந்து எதையோ கழற்றுவார்கள். கையெல்லாம் கிரீஸ். அவர்களில் எவரும் ஃபார்முலா ஒன் ஓட்டப்போவதில்லை. ஆனால் லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் காயல் துறையில் இல்லாதிருந்தவர்கள்.